கிளிப்பச்சை ஏன் வரவில்லை: தறியில் நிறம் நடந்துகொள்ளும் விதம்

நீலப் பாவில் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) மஞ்சள் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) ஓட்டினால் கிளிப்பச்சை கிடைத்துவிடும் என்று எங்கள் நெசவுக் குழுவில் ஆறு பேருமே நம்பியிருந்தோம். பள்ளிக்கூடத்து வாட்டர் கலர் டப்பாவில் அதைத்தானே கற்றுக்கொண்டோம். மேசைத்தறியில் ஒரு சாண் நீளத்துக்கு நெய்து, துணியை இறக்கிச் சுவரில் மாட்டி, நாலைந்து அடி தள்ளி நின்று பார்த்தோம். மழைக்காலத்தில் பாசி பிடித்துக் காய்ந்த மதில் மாதிரி ஒரு மங்கல் பச்சை. பாதிக்கு மேல் சாம்பல். நூலைக் குறை சொன்னோம், சாயத்தைக் குறை சொன்னோம், நெசவில் நெருக்கம் போதவில்லை என்றும் ஒருவர் சொன்னார். குறை எதிலும் இல்லை. நிறங்களைப் பற்றி நாங்கள் வைத்திருந்த கணக்கு தறிக்குப் பொருந்தாத கணக்கு.

அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று தேடத் தொடங்கினோம். தேடத் தேட ஒன்று தெளிவானது. துணியில் ஓர் இழைக்குச் சொந்த நிறம் என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிடலாம். பக்கத்து இழை எது, அது எவ்வளவு அகலம், பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதன் நிறத்தை முடிவு செய்கின்றன.

முதலில் அந்தச் சாம்பல் பச்சைக்கு வருவோம். நிறக் கலவை என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு வேலைகள். தட்டில் நீல வண்ணத்தையும் மஞ்சள் வண்ணத்தையும் குழைக்கும்போது, நீலத் துகள் வெளிச்சத்தில் உள்ள சிவப்பை விழுங்குகிறது. மஞ்சள் துகள் நீலத்தை விழுங்குகிறது. இரண்டும் விட்டுவைத்த மிச்சம் பச்சை. இது கழித்தல் கணக்கு. நூல்கள் அப்படிக் குழைவதில்லை. நீல இழை தன் ஒளியை அனுப்புகிறது, பக்கத்து மஞ்சள் இழை தன் ஒளியை அனுப்புகிறது. இரண்டும் தனித்தனியாகக் கிளம்பி நம் கண்ணில் வந்து சேர்கின்றன. அங்கே நடப்பது சராசரி எடுக்கும் வேலை. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் சராசரி எடுத்தால் அது சாம்பலுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். 1850களில் இயற்பியலாளர் ஜேம்ஸ் க்ளார்க் மேக்ஸ்வெல் வண்ணத் தாள்களைப் பம்பரம் போன்ற ஒரு வட்டில் பொருத்திச் சுழற்றி இதையே காட்டினார். நீலமும் மஞ்சளும் வேகமாகச் சுற்றும்போது அங்கே பச்சை தெரிவதில்லை.

அப்படியானால் எங்கள் துணியில் கொஞ்சமாவது பச்சை எட்டிப்பார்த்தது எப்படி? நெருக்கமாகக் கிடக்கும் இழைகளுக்கு நடுவே ஒளி கொஞ்சம் தாவித் திரிகிறது. ஓர் இழையில் பட்டுத் தெறித்தது அடுத்த இழையிலும் பட்டுவிட்டு வெளியே வரும்போது, அந்தக் கழித்தல் கணக்கு சிறிதளவு நடக்கிறது. அவ்வளவுதான்.

கிளிப்பச்சை வேண்டுமென்றால் பச்சைப் பாவில் மஞ்சள் ஊடை ஓட்ட வேண்டும். வண்ணச் சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஊடும்போது பளபளப்பு குறைவதில்லை. எதிரெதிர் நிறங்கள் ஊடினால் ஒன்றை ஒன்று அணைத்துவிடும். சக்கரம் என்று சொன்னால் எந்தச் சக்கரம் என்ற கேள்வியும் வரும். 1704-இல் நியூட்டன் ஏழு நிறங்களை வட்டமாக அடுக்கியதிலிருந்து எத்தனையோ சக்கரங்கள் வந்துவிட்டன. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் அடிப்படையாக வைக்கும் ஓவியர் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு இருக்கும். ஒளியைக் கலக்கும் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே மெஜந்தா. மெல்லிய நூலில் சாதா நெசவு (ஒரு பாவு இழைக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று ஊடை ஓடுவது) நெய்கிறவருக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. எது எதைச் சாம்பலாக்கும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

நூலால் நிறம் கலக்கலாம் என்ற யோசனை ரொம்பப் பழையது. மூன்று நிற அச்சுக்கு வழிகாட்டியவராகக் கருதப்படும் ழாக் கிறிஸ்டோஃப் லெ ப்ளோன், 1720களின் இறுதியில் இங்கிலாந்தில் அதே முறையில் திரைச்சீலை (சுவரில் மாட்டும் சித்திர நெசவு, டேபஸ்ட்ரி) நெய்யவும் முயன்றார். சில அடிப்படை நிற நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா நிறத்தையும் கண்ணில் கலந்து காட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. தொழில் நிலைக்கவில்லை. ஆனால் இன்று ஒவ்வொரு செல்போன் திரையும் ஒவ்வொரு வண்ண அச்சுத்தாளும் அந்த யோசனையில்தான் ஓடுகின்றன.

கறுப்பு வெளுக்கிறது என்று வந்த புகார்

பாரிஸில் கோப்லான் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. 1824-இல் அதன் சாயப் பிரிவுக்கு மிஷேல் யூஜேன் ஷெவ்ரோல் தலைவராக வந்தார். வேதியியலாளர், கொழுப்பும் சோப்பும் எதனால் ஆனவை என்று ஆராய்ந்து ஏற்கெனவே பெயர் பெற்றவர். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று கறுப்பைப் பற்றியது. நீல உடை, ஊதா உடை இவற்றின் மடிப்புகளில் நிழல் காட்டுவதற்காக வைக்கும் கறுப்புக் கம்பளி நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்றார்கள். அவர் வேறு பட்டறைகளின் கறுப்பு நூல்களை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோப்லான் கறுப்பு எதற்கும் சளைத்ததாக இல்லை.

பிறகுதான் சந்தேகம் சாயத் தொட்டியை விட்டுப் பக்கத்து நூலுக்குத் திரும்பியது. நீலத்தை ஒட்டிக் கிடக்கும் கறுப்பின் மேல், நீலத்துக்கு எதிரான ஆரஞ்சுச் சாயல் ஒன்றை நம் கண்ணே பூசிவிடுகிறது. அதனால் கறுப்பு பழுப்படித்து, வலு இழந்து தெரிகிறது. எந்த நிறமும் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிர்த் திசையில் தள்ளுகிறது. வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் அடர் நிறம் இன்னும் அடர்ந்து தெரியும். சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் கொஞ்சம் பச்சையடிக்கும். இதை ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்து 1839-இல் பெரிய நூலாக வெளியிட்டார். 1786-இல் பிறந்து 1889-இல் இறந்தவர், 102 வயது வரை வாழ்ந்தவர். ஓவியர்கள் அந்த நூலைக் கொண்டாடியது எல்லோருக்கும் தெரியும். அதன் வேர் ஒரு நெசவுக்கூடத்தின் நூல் கட்டில் இருந்தது என்பதை நெசவு செய்கிறவர்கள் கொஞ்சம் உரிமையோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த உண்மை திரைச்சீலைத் தறியில் வெளிப்பட்டதற்கும் காரணம் இருக்கிறது. அந்த நெசவில் ஊடை நூல் அடர்ந்து இறங்கிப் பாவை முழுக்க மூடிவிடும். மேலே தெரிவது ஊடையின் நிறம் மட்டுமே. நம்மூரில் பவானி ஜமக்காளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமும் அவ்வளவு அழுத்தமாகத் தெரிவதற்குக் காரணம், பாவு நூல் உள்ளே ஒளிந்துகொண்டு ஊடையின் நிறத்தில் கை வைக்காமல் இருப்பதுதான். கலப்பே இல்லாத அகலமான நிறப் பரப்புகள் அருகருகே வரும்போது ஷெவ்ரோல் சொன்ன தள்ளுமுள்ளு முழு வேகத்தில் நடக்கும்.

தள்ளுவதும் இழுப்பதும்

எங்கள் மாதிரித் துண்டில் இதற்கு நேர் எதிராக நடந்தது. நீலமும் மஞ்சளும் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. முதல் இரண்டு வாரம் இந்த இடத்தில்தான் நாங்கள் குழம்பிக் கிடந்தோம். ஷெவ்ரோல் தப்பா, நாங்கள் தப்பா?

இரண்டும் இல்லை. 1874-இல் வெளிவந்த தன் நிறக் கோட்பாட்டு நூலில் வில்ஹெல்ம் ஃபான் பெட்சோல்ட் இதன் மறுபக்கத்தைச் சொன்னார். ஜெர்மன் இயற்பியலாளர், வானிலை ஆய்வாளர். கம்பள வடிவங்கள் போடுவதில் ஆர்வம் உள்ளவர். ஒரு வடிவத்தில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் மாற்றினால் மற்ற எல்லா நிறங்களும் மாறியதுபோலத் தெரிவதை அவர் கவனித்தார். சிவப்புத் தரையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடினால் சிவப்பே வெளிறுகிறது. அதே தரையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடினால் சிவப்பு அடர்கிறது. ஷெவ்ரோல் கணக்குப்படி வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு அடர்ந்திருக்க வேண்டும். கோடு மெலிந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது.

அகலமான பரப்புகள் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. மெல்லிய கோடுகள் ஒன்றை ஒன்று தம் பக்கம் இழுக்கின்றன. தறியில் நிறம் பார்ப்பவருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறு இல்லை என்று நினைக்கிறேன். எங்கே தள்ளல் முடிந்து இழுப்பு தொடங்குகிறது என்பதை நூலின் தடிமனும் பார்க்கும் தூரமும்தான் தீர்மானிக்கின்றன.

இதற்கு ஒரு தோராயக் கணக்கு போடலாம். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளதைப் பிரித்துப் பார்க்கும். அதாவது 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், 3 மீட்டரில் 0.9 மில்லிமீட்டர். 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் தடிமன் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்). ஆகவே அதில் நெய்த துணியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்தாலே இழைகள் கரையத் தொடங்கிவிடும். 10-ஆம் நம்பர் நூலில் நெய்தால் 1 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 3 மில்லிமீட்டர் தடித்த கம்பளி நூலானால் அறையின் அடுத்த மூலையிலிருந்து பார்த்தாலும் நீலம் நீலமாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் நிற்கும். எங்கள் நீலம்-மஞ்சள் துண்டு கையில் இருந்தபோது உற்சாகமாகத்தான் இருந்தது. சுவருக்குப் போனதும் செத்துவிட்டது. நெய்கிறவர் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், உடுத்துகிறவரைத் தெருவே பார்க்கிறது. தறியிலிருந்து எழுந்து தள்ளிப் போய்ப் பார்ப்பது எங்கள் குழுவில் இப்போது பழக்கமாகிவிட்டது.

இந்தக் கரைசல் எப்போதும் நஷ்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்குக் கம்பளியை நூற்பதற்கு முன்பே சாயம் போட்டு, பல நிறக் கம்பளிகளைச் சேர்த்துச் சிக்கெடுத்துப் பிறகு நூற்கிறார்கள். தூரத்தில் பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும் துணியை அருகில் கொண்டுவந்தால் உள்ளே ஆரஞ்சு, நீலம், பச்சை எல்லாம் மின்னும். ஒரே தொட்டியில் முக்கியெடுத்த சாம்பலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தொட்டுப் பார்க்காமலே தெரியும். எங்கள் குழுவில் ஒருவர் கையால் நூற்பவர். அவர் சிவப்பும் நீலப்பச்சையும் கலந்து நூற்றுக் காட்டிய சாம்பல் நூலைப் பார்த்த பிறகு கடைச் சாம்பல் எனக்குப் பிடிக்காமலே போய்விட்டது.

ஒரே புடவையில் இரண்டு விதியும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையை நிறக் கோட்பாட்டின் பாடப்புத்தகம் என்றே சொல்வேன். தள்ளலும் இழுப்பும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன.

உடல் பகுதியை எடுத்துக்கொள்வோம். மயில்கழுத்து நிறம் என்று நாம் சொல்வது ஒரே சாயத்தில் வருவதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்: நீலமும் பச்சையும். இரண்டும் சக்கரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள், அதனால் கலந்தாலும் மங்குவதில்லை. பட்டு இழை மிக மெலிது, அதனால் கண் இரண்டையும் பிரிப்பதில்லை. ஆனால் மடிப்பு அசையும்போது மட்டும் நீலம் தூக்கலாகவும் பச்சை தூக்கலாகவும் மாறி மாறி வருகிறதே, அது ஏன்? பட்டு இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போன்றது, மழமழப்பானது, ஒளியை ஒரு திசையில் பளிச்சென்று திருப்பிவிடும். பாவு இழைகள் ஒரு திசையிலும் ஊடை இழைகள் அதற்குச் செங்குத்தாகவும் ஓடுகின்றன. துணி ஒரு பக்கம் சாயும்போது பாவின் பளபளப்பு கண்ணுக்கு வருகிறது, இன்னொரு பக்கம் சாயும்போது ஊடையின் பளபளப்பு. பருத்தியில் அதே இரண்டு நிறங்களை நெய்தால் கலவை வரும், இந்த ஆட்டம் அவ்வளவாக வராது. பருத்தி இழை ஒளியை நாலாப்பக்கமும் சிதறடித்துவிடுகிறது.

இப்போது கரைக்கு வருவோம். சாதாரணமாக நெய்தால் உடலுக்கு ஓடும் ஊடையே கரைக்குள்ளும் ஓடும். பச்சை உடலுக்கு அரக்குக் கரை வைக்க நினைத்தால், கரையின் அரக்குப் பாவுக்குள் பச்சை ஊடை புகுந்து அதைப் பழுப்பாக்கிவிடும். இதைத் தடுக்கக் காஞ்சி நெசவாளர்கள் கையாளும் வழிதான் கோர்வை. உடலுக்குத் தனி நாடா (ஊடை நூலை ஏந்தி ஓடும் கருவி), இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு வரியிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். வேலை இரட்டிப்பாகிறது, தறியில் ஒத்தாசைக்கு இன்னோர் ஆள் தேவைப்படுகிறது. கோர்வையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் உறுதியையும் உழைப்பையும் பேசுகிறார்கள். எனக்கு அது முதலில் ஒரு நிறத் தீர்மானமாகத் தெரிகிறது. அரக்குப் பாவில் அரக்கு ஊடையே ஓடுவதால் கரை சுத்த அரக்காக நிற்கிறது. நாலு விரல், ஒரு சாண் என்று அகலமான அந்தப் பரப்பு பச்சை உடலின் பக்கத்தில் வரும்போது, ஷெவ்ரோல் சொன்னபடி சிவப்பு இன்னும் சிவப்பாகிறது, பச்சை இன்னும் பச்சையாகிறது. முந்தானைக்கு வேறு நிறப் பாவைப் பிணைத்து ஒட்டும் பெட்னி வேலையும் இதே நோக்கத்தைத்தான் நிறைவேற்றுகிறது. நடுவே ஓடும் மெல்லிய ஜரிகைக் கோட்டையும் கவனிக்க வேண்டும். சண்டை போடும் இரண்டு நிறங்களுக்கு நடுவே அது ஒரு வரப்பு மாதிரி கிடந்து கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கிறது.

வெளிச்சமும் இருட்டும்

நிறத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சிவப்பா நீலமா என்றுதான் கேட்கிறோம். தறியில் அதைவிட முதலில் கேட்க வேண்டியது, வெளிரா அடரா என்பது. அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் நிறத்தைக் குறிக்க மூன்று அளவுகளைத் தந்தார்: என்ன நிறம், எவ்வளவு வெளிர், எவ்வளவு அழுத்தம். இவற்றில் நெசவின் வடிவத்தைத் தூக்கி நிறுத்துவது இரண்டாவதுதான். நம் கண் வெளிர்-அடர் வித்தியாசத்தை மிக நுண்ணிய அளவிலும் பிடித்துவிடும். நிற வித்தியாசத்தை அவ்வளவு நுண்மையாகப் பிடிக்காது. ஆகவே தூரம் போகப் போக நிறம் முதலில் கரையும், வெளிர்-அடர் கடைசியில்தான் கரையும். சிவப்பும் பச்சையும் ஒரே அளவு அடர்த்தியில் இருந்தால், அவற்றில் நெய்த நுண்ணிய வடிவம் எத்தனை அழகாக இருந்தாலும் நாலடியில் காணாமல் போகும்.

இதன் சக்தியைக் காட்ட ஒரு எளிய பாவு போதும். சாதா நெசவு. பாவில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. ஊடையிலும் அப்படியே. ஒற்றைப்படைப் பாவு இழைகள் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். அவை மேலே எழும்பும்போது கறுப்பு ஊடை ஓடினால் அந்த வரி முழுக்கக் கறுப்பு. அடுத்த வரியில் வெள்ளைப் பாவு எழும்ப, வெள்ளை ஊடை ஓட, முழுக்க வெள்ளை. குறுக்குக் கோடுகள் கிடைக்கும். இப்போது ஊடையின் வரிசையை ஒரே ஓர் இழை தள்ளி மாற்றுங்கள். கறுப்புப் பாவு எழும்பும்போது வெள்ளை ஊடை ஓடட்டும். வரிக்கு வரி அதே இடத்தில் கறுப்பும் அதே இடத்தில் வெள்ளையும் வந்து, கோடுகள் நெடுக்காக நின்றுவிடும். நூல் அதே, நெசவு அதே. ஓர் இழை தள்ளியதில் கோலமே திரும்பிவிட்டது. மேலைநாட்டுக் கோட்டுத் துணிகளில் வரும் நாய்ப்பல் கட்டமும் இந்த வகைதான்: நாலு அடர், நாலு வெளிர் என்ற வரிசையைச் சாய்வரி (ட்வில்) நெசவில் விட்டால் அது பிறக்கிறது. எங்கள் குழுவில் இதை முதன்முதலில் செய்தபோது ஊடை மாறிய இடத்தில் எல்லோரும் எழுந்து வந்து தறியைச் சூழ்ந்து நின்றோம். எனக்கு மறக்காத நாள்.

வெளிர்-அடரைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நூல் கட்டுகளை வரிசையாக வைத்து செல்போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்தால் போதும். கண்ணால் பார்த்தபோது வேறு வேறாகத் தெரிந்த மூன்று நிறங்கள் படத்தில் ஒரே சாம்பலாகக் கிடக்கும்.

ஆளுக்கு இரண்டு நிறம்

இதையெல்லாம் ஒருவர் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும், ஆனால் தனியாக இருப்பவர் தனக்குப் பிடித்த நிறங்களையே திரும்பத் திரும்ப நெய்வார். நான் அப்படித்தான் இருந்தேன். பல மாதங்கள் நீலத்தைச் சுற்றியே வந்தேன்.

குழுவாகக் கற்றதற்கு வரலாற்றில் நல்ல உதாரணம் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளி. 1919-இல் வைமார் நகரில் தொடங்கியது. பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். அங்கே வடிவத்தையும் நிறத்தையும் சொல்லித்தர யோஹன்னஸ் இட்டன், பால் க்ளே போன்ற ஓவியர்கள் இருந்தார்கள். தறியின் நுட்பத்தைச் சொல்லித்தரத்தான் ஆள் போதவில்லை. மாணவிகள் செய்து பார்த்தும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தும் கற்றார்கள். குண்டா ஷ்டோல்ட்ஸெலும் பெனிட்டா ஓட்டேயும் 1922-இல் க்ரெஃபெல்டு நகரத்துக்குப் போய்ச் சாயம் போடப் படித்துத் திரும்பி வந்து பட்டறைக்கே சாயத்தைக் கொண்டுவந்தார்கள். பள்ளி டெஸ்ஸாவ் நகருக்கு மாறிய பிறகு, 1927 முதல் 1931 வரை அந்த நெசவுப் பட்டறையை நடத்தியவர் ஷ்டோல்ட்ஸெல். அங்கே படித்த ஆனி ஆல்பர்ஸ் 1933-இல் அமெரிக்கா போய் பிளாக் மவுண்டன் கல்லூரியில் நெசவு சொல்லிக் கொடுத்தார். அதே கல்லூரியில் அவர் கணவர் யோசஃப் ஆல்பர்ஸ் நிறம் சொல்லிக் கொடுத்தார். மாணவர்களிடம் வண்ணக் குழம்பைக் கொடுக்காமல் வண்ணத் தாள்களைக் கொடுப்பார். ஒரே தாள் இரண்டு இடத்தில் இரண்டு நிறமாகத் தெரிய வேண்டும் என்பது அவர் வைத்த பயிற்சிகளில் ஒன்று. குழைக்க முடியாத, பக்கத்தில் மட்டுமே வைக்க முடிந்த பொருள் என்பதால் தாள் இந்த விஷயத்தில் நூலுக்குச் சொந்தக்காரன்.

மேலைநாட்டுக் கைநெசவுக் குழுக்களில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. 12 நிறங்களைப் பட்டை பட்டையாகப் பாவில் கட்டி, அதே 12 நிறங்களை அதே வரிசையில் ஊடையிலும் நெய்வார்கள். 144 கட்டங்கள் கிடைக்கும். மூலைவிட்டத்தில் வரும் 12 கட்டங்கள் சுத்த நிறம். மீதி 132-இல் ஒவ்வொரு கலவையும் இரண்டு முறை வருவதால் 66 புதிய கலவைகள். ஒரு கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துணியில் 78 நிறங்கள். நம் லுங்கிக் கட்டத்திலும் கண்டாங்கிக் கட்டத்திலும் இதே கணக்குதான் சின்ன அளவில் ஓடுகிறது. இரண்டு நிறம் போட்டால் மூன்று, மூன்று நிறம் போட்டால் ஆறு.

நாங்கள் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நிறம் கொண்டுவர வேண்டும். ஒருவர் கொண்டுவருவதை மற்றவர் முன்கூட்டியே கேட்கக் கூடாது. எம்.எஸ். ப்ளூ வந்தது, வாடாமல்லி வந்தது, மாம்பழ மஞ்சள் வந்தது. ஒருவர் வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு கட்டு கொண்டுவந்தார். பளிச்சென்ற மற்ற நூல்களுக்கு நடுவே அது பாவமாகக் கிடந்தது, இதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டே விட்டோம். நெய்து முடித்துச் சுவரில் மாட்டியபோது, எல்லோர் கண்ணும் போன பட்டை அதுதான். அழுத்தம் குறைந்த, நடுத்தர வெளிச்சமுள்ள நிறம். எதனோடு ஊடினாலும் அதை லேசாகத் தணித்துத் தன் சாயலைச் சேர்த்தது, எதையும் கொல்லவில்லை. வாடாமல்லியும் கிளிப்பச்சையும் சந்தித்த கட்டமோ சேறாகிக் கிடந்தது. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்குமே தங்கள் நிறம் இப்படி ஆகும் என்று நம்ப முடியவில்லை.

குழுவாகப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கண் இல்லை. குழுவில் மூத்தவரான அக்கா ஒரு கட்டத்தைப் பச்சை என்றார். கல்லூரியில் படிக்கும் பெண் அதை நீலம் என்றாள். அரை மணி நேரம் பேச்சு ஓடியது. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடித்து நீல ஒளியைக் கொஞ்சம் மறைக்கிறது. அதனால் இருவருமே தாம் கண்டதைத்தான் சொன்னார்கள். நிறப் பார்வைக் குறைபாடும் இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு அது உண்டு, பெண்களில் மிகக் குறைவு. அப்புறம் வெளிச்சம். ட்யூப் லைட்டின் கீழ் அச்சு அசலாகப் பொருந்திய இரண்டு நூல்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரியலாம். இரண்டு சாயங்களும் வேறு வேறு பொருளால் ஆனவை. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொன்றில் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த நம் பாட்டிகள் செய்தது சரியான சோதனை. நாங்களும் இப்போது காலை பத்து மணி வெளிச்சத்தில் வாசல் திண்ணையில் வைத்துத்தான் நிறம் பொருத்துகிறோம்.

ஒவ்வொரு மாதிரித் துண்டோடும் ஓர் அட்டை வைக்கிறோம். நூல் நம்பர், அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை, எந்த நெசவு, எவ்வளவு தூரத்தில் நிறம் கரைந்தது என்று அதில் எழுதுகிறோம். நிறத்தின் பெயரை மட்டும் எழுதுவதை விட்டுவிட்டோம். மயில்கழுத்து என்று ஆறு பேர் எழுதினால் ஆறு மயில் வருகிறது. அதனால் அட்டையின் ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, பாவு நூலில் ஒரு விரல் நீளமும் ஊடை நூலில் ஒரு விரல் நீளமும் நறுக்கி அதிலேயே முடிந்துவிடுகிறோம்.